உப்புக் குறைவா, நீர் மிகுதியா?

குளத்தூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தொலைவு சென்றாலே கரிசல் நிலத்தின் எல்லை முடிந்து உப்பளங்கள் தொடங்கிவிடுகின்றன. ஒருபுறம் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் மானாவாரிக் காடு. மறுபுறம் வேப்பலோடை, வைப்பாறு பகுதிகளின் வெண்ணிறப் பாத்திகள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருப்பதற்குக் காரணமே தூத்துக்குடி மாவட்டம்தான். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ அறுவை சிகிச்சைக்காக அழைத்துச் செல்லப்பட்ட ஒருவரின் உறவினர்களிடம், இரண்டாம் நாள் காலையில், 'இவருக்கு உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது' என்று சொன்னால் அவர்கள் திகைப்பது இயல்பே. உப்புக்கா பஞ்சம்?

திகைப்பு அத்துடன் முடிவதில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனை வழக்கில் 'உப்பு' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா ஆகியவற்றின் அளவு கூடியிருந்தால், அதையும் 'உப்பு கூடியிருக்கிறது' என்றே நோயாளிகளிடம் சொல்கிறார்கள். இதன் விளைவாக ஒரே நோயாளியின் குடும்பம், ஒருவரிடமிருந்து 'உப்பு கூடிவிட்டது' என்றும் மற்றொருவரிடமிருந்து 'உப்புக் குறைந்துவிட்டது' என்றும் ஒரே நாளில் கேட்க நேர்கிறது. இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் என்ன புரிந்துகொள்வார்கள்? 'குறைந்தால் கொடுத்துவிடலாமே' என்று கஞ்சியில் ஒரு கை உப்பு அள்ளிப் போடுவார்கள். அல்லது 'கூடிவிட்டதாமே' என்று உப்பையே நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே தவறாகப் போகக்கூடும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தத்தில் சோடியம் குறைவது அரிய நிகழ்வு அன்று. பெரும்பாலோருக்கு அது லேசாகக் குறைந்து, தானாகவே சீராகிவிடும். சிலருக்கு மட்டும் அது விரைவாகச் சரிந்து, மூளை வீங்கி, வலிப்பு வந்து, மூச்சு நின்றுபோகும் நிலை வரை கொண்டுசெல்லும். எளிய அறுவைக்காக நடந்து உள்ளே சென்றவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய ஆபத்து என்பதால்தான் இதைப் பற்றிப் பொதுமக்களும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

பாத்தியில் பெய்த மழை

ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருப்பது இயல்பு. 135-க்குக் கீழே சென்றால் அது சோடியக் குறைவு. மருத்துவ மொழியில் 'ஹைப்போநட்ரீமியா'. 130 முதல் 134 வரை லேசானது, 125 முதல் 129 வரை நடுத்தரமானது, 125-க்குக் கீழே கடுமையானது என்று வகைப்படுத்துவது வழக்கம்.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு அன்று. நீரோடு ஒப்பிடும்போது சோடியம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உப்பளத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் நிற்கும் உப்புநீரின் அடர்த்தியை அவர் டிகிரிக் கணக்கில் அளந்து பார்ப்பவர். கடல்நீர் சுமார் 3 டிகிரி இருக்கும். அது வெயிலில் வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படிகிறது. அந்த நேரத்தில் மழை கொட்டினால் டிகிரி சரிந்துவிடும். பாத்தியிலிருந்து உப்பை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை, தண்ணீர்தான் கூடிவிட்டது.

அறுவைக்குப் பிந்தைய சோடியக் குறைவில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். உப்பு தொலைந்துபோவதைவிட, வெளியேற வேண்டிய நீர் உடலிலேயே தங்கிவிடுவதே முதன்மைக் காரணம்.

நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்

ஆரோக்கியமான ஒருவர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலும் அவருடைய சிறுநீரகங்கள் சில மணி நேரத்தில் அதைச் சிறுநீராக வெளியேற்றிவிடும். இந்தக் கதவைத் திறப்பதும் அடைப்பதும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வெளிவரும் 'வாசோப்ரெசின்' என்ற ஹார்மோன். உடலில் நீர் குறைந்தால் இது சுரந்து, சிறுநீரகம் நீரை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளச் செய்யும்; நீர் மிகுந்தால் சுரப்பு நின்றுவிடும்.

அறுவை சிகிச்சை இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. வலி, ரத்த இழப்பு, ரத்த அழுத்தம் தாழ்தல், உடல் படும் அதிர்ச்சி, மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநீக்கிகள் ஆகிய ஒவ்வொன்றும் வாசோப்ரெசினைத் தூண்டுகின்றன. எல்லாவற்றையும்விட வலுவான தூண்டுதல் குமட்டல். மயக்க மருந்துக்குப் பின் நோயாளிகள் பலர் முதலில் சொல்லும் குறையே குமட்டல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். அறுவைக்குப் பின் சில நாட்களுக்கு, உடலில் நீர் போதுமான அளவு இருந்தாலும் இந்த ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கலாம். சிறுநீர் அளவில் குறைந்து, அடர்ந்து வெளியேறும். அந்த நாட்களில் உள்ளே செல்லும் நீருக்கு வெளியேறும் வழி குறுகிவிடுகிறது.

இதுவே இயற்கையின் பழைய ஏற்பாடு. காயம்பட்டு, ரத்தம் இழந்து, தண்ணீர் கிடைக்காமல் கிடக்கும் ஒருவரைக் காப்பாற்ற உருவானது. அன்றைய காயம்பட்டவரின் கையில் சொட்டுக் குழாய் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

எல்லா பாட்டிலும் 'குளுக்கோஸ்' அல்ல

கையில் ஏற்றப்படும் எந்தத் திரவத்தையும் 'குளுக்கோஸ்' என்றே அழைப்பது நம் வழக்கம். 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினால் தெம்பு வந்துவிடும்' என்ற நம்பிக்கை கரிசல் காட்டுக் கிராமங்களில் மட்டுமன்றி மாநிலம் முழுவதும் வேரூன்றியிருக்கிறது. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் உள்ளே இருப்பது வேறு.

0.9 விழுக்காடு உப்புக் கரைசலில், அதாவது நார்மல் சலைனில், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. சோடியம் 154 மில்லிமோல். ரிங்கர் லாக்டேட்டில் ஏறத்தாழ 130. பாதி அடர்த்தி உப்புக் கரைசலில் 77. குழந்தைகளுக்கென நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் 'பி' வகைத் திரவத்தில் சுமார் 25 மட்டுமே. 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் உண்மையான குளுக்கோஸ் பாட்டிலில் சோடியம் துளியும் இல்லை. அதிலுள்ள சர்க்கரையை உடல் எரித்துவிட்ட பிறகு எஞ்சுவது வெறும் தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் உடலில் இருக்கும் மொத்த நீர் ஏறத்தாழ 22.5 லிட்டர். அவருடைய சோடியம் 140. அறுவைக்குப் பின் அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டில்கள் ஆறு ஏற்றப்பட்டு, அந்த 3 லிட்டரும் வெளியேறாமல் தங்கிவிட்டதாகக் கொள்வோம். உடல் நீர் 25.5 லிட்டராகிறது; சோடியம் சுமார் 124-க்கு இறங்கிவிடுகிறது. கடுமையான குறைவின் எல்லைக்குள் அவர் வந்துவிட்டார். அதே 3 லிட்டர் 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞருக்குள் சென்றால், அவருடைய உடல் நீர் 42 லிட்டர் என்பதால், சோடியம் ஏறத்தாழ 131-இல் நின்றுவிடும். எடை குறைந்தவர்கள், முதியோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் எளிதில் பாதிக்கப்படுவதற்கு இந்த எளிய வகுத்தல் கணக்கும் ஒரு காரணம்.

நார்மல் சலைன் மட்டும் ஏற்றினால் போதும், ஆபத்து இல்லை என்றும் எண்ணிவிட முடியாது. வாசோப்ரெசின் மிகுந்திருக்கும்போது சிறுநீரகம் உப்பை அடர்ந்த சிறுநீரில் வெளியேற்றிவிட்டு, நீரை மட்டும் தேக்கிக்கொள்ளும். ஆகவே எந்தத் திரவம் என்ற கேள்வியோடு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும்.

காரணங்களின் பட்டியல்

நீர் மிகுதி முதன்மைக் காரணமே தவிர, ஒரே காரணம் அன்று. சிகிச்சை காரணத்தைப் பொறுத்தே அமையும் என்பதால், மற்றவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, அறுவையின் தன்மை. வீங்கிய புராஸ்டேட் சுரப்பியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுக்கும் அறுவையில், பார்வை தெளிவாக இருப்பதற்காகத் திரவத்தைத் தொடர்ந்து பாய்ச்சுவார்கள். மின்சாரக் கருவியின் தேவைக்காக, உப்பில்லாத கிளைசின் கரைசல் இதற்குப் பயன்பட்டு வந்தது. திறந்த ரத்தக் குழாய்கள் வழியாக அது உடலுக்குள் சென்றால், அறுவை மேசையிலேயே சோடியம் சரிந்துவிடும். கருப்பைக்குள் கருவி செலுத்திச் செய்யும் சில அறுவைகளிலும் இது நேரலாம். உப்புக் கரைசலிலேயே இயங்கும் புதிய இருமுனைக் கருவிகள் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. மூளை அறுவை, குறிப்பாகப் பிட்யூட்டரி அறுவை, தனி வகை. அதில் சில நாட்கள் கழித்து, நோயாளி வீடு திரும்பிய பிறகும்கூடச் சோடியம் இறங்கக்கூடும். பிரசவத்தின்போது தரப்படும் ஆக்சிடோசினுக்கும் நீரைத் தேக்கும் இயல்பு உண்டு. அதை உப்பில்லாத திரவத்தில் கலந்து அதிக அளவில் ஏற்றினால் தாய்க்கு இதே நிலை வரலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கிகள் இந்தப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவை. வலிப்புக்கான கார்பமசெபின், மனச்சோர்வுக்கான எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவையும் சோடியத்தைக் குறைக்க வல்லவை. இம்மருந்துகள் நல்லவையே, பலருக்கு இன்றியமையாதவையே. ஆனால் அறுவைக்கு முன் இவை குறித்து மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும் காலம் இது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. அந்த மாத்திரை அட்டை அறுவை அரங்கின் வாசல் வரை நோயாளியோடு வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

மூன்றாவது, உண்மையிலேயே உப்பை இழப்பது. தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு, மூக்குக் குழாய் வழியாகவும் வயிற்றுக் குழாய்கள் வழியாகவும் வெளியேறும் திரவம், குடல் அடைப்பு ஆகியவற்றால் உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறுகின்றன. இழந்ததை ஈடுசெய்ய வெறும் நீரோ குளுக்கோஸோ மட்டும் தரப்பட்டால் சோடியம் இறங்கும்.

நான்காவது, சுரப்பிகளும் உறுப்புகளும். அட்ரினல் சுரப்பி போதிய கார்ட்டிசால் சுரக்காத நிலை, தைராய்டு கடுமையாகக் குறைந்த நிலை, இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவர், அறுவைக்காக அதைத் திடீரென நிறுத்திவிட்டால் அட்ரினல் சுரப்பியால் உடனடியாக ஈடுகொடுக்க முடியாது. என்ன மருந்து என்று பெயர் தெரியாமல் 'வலி மாத்திரை' என்று வாங்கிச் சாப்பிட்டவர்களிடம் இந்த வரலாற்றைக் கேட்டு வாங்குவது கடினம். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

ஐந்தாவது, தோற்றப் பிழைகள். சர்க்கரை நோயாளியின் ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்தால், அது திசுக்களிலிருந்து நீரை ரத்தத்துக்குள் இழுத்து, சோடிய அளவைக் குறைத்துக் காட்டும். சர்க்கரை ஒவ்வொரு 100 மில்லிகிராம் கூடும்போதும் சோடியம் சுமார் 2 மில்லிமோல் இறங்கும். சொட்டு ஏறிக்கொண்டிருக்கும் அதே கையிலிருந்து ரத்தம் எடுத்தால், அந்தத் திரவம் கலந்த ரத்தமே ஆய்வகத்துக்குச் செல்லும். எண் பொய் சொல்கிறதோ என்று ஐயம் வந்தால், மறுகையிலிருந்து ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

ஆறாவது, உணவு. புண்ணில் சீழ் வைக்கும் என்று அஞ்சி, அறுவைக்குப் பின் உப்பும் புளியும் நீக்கிய பத்தியக் கஞ்சியை மட்டும் சில வீடுகளில் தருகிறார்கள். உப்பும் புரதமும் மிகக் குறைந்த உணவில், சிறுநீரகம் நீரை வெளியேற்றத் தேவையான கழிவுப்பொருள்கள் போதாமல் போகின்றன. அதோடு, பார்க்க வருபவர்கள் ஒவ்வொருவரும் வாங்கி வரும் இளநீரும் சேர்கிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. அளவாகக் குடித்தால் கெடுதல் இல்லை. 'உப்புக் குறைவுக்கு மருந்து' என்று எண்ணி நாளெல்லாம் புகட்டுவது எதிர்விளைவையே தரும்.

வயல் வேலை முடித்து வரும் வழியில் விழுந்து இடுப்பு முறிந்த ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை, எடை குறைவு, பல நாள் கஞ்சி, வலி, குமட்டல், சொட்டு என்று மேற்சொன்ன காரணங்களில் ஐந்தாறு அவர் ஒருவரிடமே கூடி நிற்கும். சோடியம் நெடுநாளாகக் குறைந்திருந்தால் நடை தள்ளாடும் என்பதால், அவர் விழுந்ததற்கே அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் சோடியத்தையும் பார்த்திருந்தால் மட்டுமே இது தெரியவரும்.

மண்டையோட்டுக்குள் இடமில்லை

ரத்தத்தில் சோடியம் குறையும்போது, நீர் உயிரணுக்களுக்குள் நுழைந்து அவற்றை வீங்கச் செய்கிறது. தோலும் தசையும் வீங்க இடமுண்டு. மூளையைச் சுற்றி இருப்பதோ எலும்புக் கூடு. எனவே முதல் அறிகுறிகள் மூளையிலிருந்தே வருகின்றன: தலைவலி, குமட்டல், வாந்தி, சோர்வு, குழப்பமான பேச்சு, ஆட்களை அடையாளம் காணாமை, அளவுக்கு மீறிய தூக்கம். அதன்பின் வலிப்பு, நினைவிழப்பு, மூச்சு நிற்றல்.

இதிலுள்ள இடர், முதற்கட்ட அறிகுறிகள் அனைத்தையும் வேறொன்றாக எளிதில் விளக்கிவிடலாம் என்பது. வாந்தியா? மயக்க மருந்தின் விளைவு. தூக்கமா? வலி ஊசியின் விளைவு. உளறலா? வயதாகிவிட்டது. மேலும், வாந்திக்காகவே இன்னொரு பாட்டில் ஏற்றப்பட்டால் நச்சுச் சுழல் தொடங்கிவிடுகிறது.

1986-இல் அமெரிக்க மருத்துவர் ஆலன் ஏரியெஃப் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகை உலுக்கியது. அவசரமற்ற, திட்டமிட்ட அறுவைகளுக்கு வந்த, முன்பு நலமாக இருந்த 15 பெண்கள். அறுவைக்கு முன் இயல்பாக இருந்த சோடியம், சுமார் இரண்டு நாட்களில் சராசரியாக 108-க்கு இறங்கியிருந்தது. வலிப்பும் மூச்சுத் தடையும் ஏற்பட்டு, அவர்கள் இறந்தார்கள் அல்லது மீளாத மூளைப் பாதிப்புக்கு ஆளானார்கள். மாதவிடாய்ப் பருவத்திலுள்ள பெண்களும் குழந்தைகளும் இந்த மூளை வீக்கத்தைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவர்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் சுட்டின.

குழந்தைகள் விஷயத்தில் வடஅயர்லாந்து தந்த பாடம் மறக்கத்தக்கது அன்று. 2001-இல் குடல்வால் அறுவை செய்துகொண்ட ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு, சோடியம் மிகக் குறைந்த 0.18 விழுக்காடு உப்புக் கரைசல் தொடர்ந்து ஏற்றப்பட்டது. மறுநாள் முழுவதும் அவள் வாந்தி எடுத்தாள். பிறகு வலிப்பு வந்தது. மூளை வீங்கி இறந்தாள். இதையும், இத்துடன் தொடர்புடைய வேறு நான்கு குழந்தைகளின் மரணங்களையும் ஆராய 2004-இல் ஒரு விசாரணை அமைக்கப்பட்டது. நீதிபதி ஜான் ஓஹாரா தலைமையிலான அந்த விசாரணையின் அறிக்கை 2018 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஐந்தில் நான்கு மரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அது கூறியது. 96 பரிந்துரைகளை முன்வைத்த அந்த அறிக்கை அழுத்திச் சொன்ன ஒன்று, தவறு நேர்ந்தால் அதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்வது சட்டப்படியான கடமையாக வேண்டும் என்பது. பெற்றோருக்கு உண்மை தெரியவர இத்தனை ஆண்டுகள் ஆனதே அந்த விசாரணையின் இரண்டாவது துயரம்.

குழந்தைகளுக்குச் சோடியம் குறைந்த திரவம் ஏற்றும் வழக்கம் ஏதோ கவனக்குறைவால் வந்ததன்று. 1957-இல் ஹாலிடே, சேகர் என்ற இரு மருத்துவர்கள், உடல் செலவிடும் ஆற்றலையும், பாலிலுள்ள உப்பின் அளவையும் அடிப்படையாகக் கொண்டு வகுத்த எளிய சூத்திரம் அது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தது. நோயிலும் வலியிலும் எழும் வாசோப்ரெசினை அந்தக் கணக்கு கருத்தில் கொள்ளவில்லை. 2007-இல் பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை, 0.18 விழுக்காடு கரைசலைக் குழந்தைகளுக்கான பொதுப் பயன்பாட்டிலிருந்து அகற்றச் சொன்னது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், 28 நாள் முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, ரத்தத்தின் அடர்த்திக்கு இணையான உப்புக் கரைசலையே பராமரிப்புத் திரவமாகத் தர வேண்டும் என்று வழிகாட்டியது.

இரு பக்கமும் பள்ளம்

சோடியம் குறைந்தால் ஏற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சிகிச்சையின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரே 124 என்ற எண் இருவருக்கு இருக்கலாம். வாந்தியால் வறண்டுபோனவருக்கு உப்புக் கரைசல் ஏற்ற வேண்டும். வாசோப்ரெசினால் நீர் தேங்கியவருக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும். அவருக்கு நார்மல் சலைனை ஏற்றினால் நிலைமை மோசமாகவும் கூடும். வேறுபடுத்தி அறிய ரத்த அழுத்தம், நாடி, நாக்கின் ஈரம், கால் வீக்கம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, சிறுநீரிலுள்ள சோடியத்தையும் அதன் அடர்த்தியையும், தேவைப்பட்டால் தைராய்டு, கார்ட்டிசால் அளவுகளையும் பார்க்கிறார்கள்.

வலிப்போ நினைவிழப்போ வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. 3 விழுக்காடு அடர் உப்புக் கரைசலை 100 முதல் 150 மில்லி வரை குறுகிய நேரத்தில் ஏற்ற வேண்டும். சோடியம் 4 முதல் 6 மில்லிமோல் உயர்ந்தாலே பெரும்பாலும் மூளை ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் அதற்கு மேல் விரைவதும் ஆபத்து. சோடியக் குறைவு இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால், மூளை தன் உள்ளிருக்கும் கரைபொருள்களை வெளியேற்றி அந்தச் சூழலுக்குப் பழகிவிடுகிறது. அந்த நிலையில் சோடியத்தை மளமளவென உயர்த்தினால் மூளை அணுக்கள் சுருங்கி, நரம்பிழைகளின் உறை சிதைகிறது. 1959-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தக் கோளாறில், நன்றாகத் தேறிவந்த நோயாளி சில நாட்கள் கழித்துப் பேச்சும் விழுங்கும் திறனும் இழந்து, கைகால் செயலற்றுப் போகலாம். எனவே ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மதுப்பழக்கம் உள்ளவர்கள், ஊட்டம் குறைந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், பொட்டாசியம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. 'நேற்று 112, இன்றும் 118-தானே ஆகியிருக்கிறது, ஏன் வேகமாக ஏற்றவில்லை' என்று உறவினர் சினக்கும்போது, அந்த மெதுவான ஏற்றமே சரியான சிகிச்சையாக இருக்கக்கூடும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

செய்ய வேண்டியவை

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. அறுவைக்குச் செல்லும்போது நோயாளி உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். நாட்டு மருந்தாயினும் மறைக்கக் கூடாது. பாட்டில் ஏற்றச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வாய்வழியாகக் குடிக்கவும் உண்ணவும் தொடங்கியபின் சொட்டு இன்னும் தேவையா என்று பணிவாகக் கேட்கலாம். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்பதைக் குறித்துவைப்பது செவிலியருக்கும் பெரிய உதவி. 'இவர் வழக்கமாக இப்படிப் பேச மாட்டார்' என்ற ஒரு வாக்கியத்தை உறவினரால் மட்டுமே சொல்ல முடியும். அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஓயாத தலைவலி, வாந்தி, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை தென்பட்டால் உப்புக் கரைசலோ இளநீரோ கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிப்பு வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவற்றுக்கும் பெருஞ்செலவு பிடிக்காது. பெரிய அறுவைக்கு முன் ஒருமுறை, சொட்டு தொடரும் வரை நாளொன்றுக்கு ஒருமுறையேனும் சோடியம் பார்த்தல். ஏற்றும் திரவத்தையும் ஒரு மருந்தாகக் கருதி, பெயர், அளவு, வேகம், நிறுத்தும் நேரம் ஆகியவற்றை எழுதி ஆணையிடுதல். குழந்தைகள் பிரிவில் சோடியம் குறைந்த திரவங்களை எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல். வாந்தியும் குழப்பமும் கண்டால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தல். வட்டத் தலைநகர மருத்துவமனைகளில் இரவிலும் இந்தப் பரிசோதனை நடக்க வழிசெய்வது அரசின் பொறுப்பு. கரிசல் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு இரவில் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ மாதிரியை அனுப்பிக் காத்திருக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யக்கூடியது, சொல்லும் சொல்லை மாற்றுவது. கிரியேட்டினினுக்கும் உப்பு, சோடியத்துக்கும் உப்பு என்று சொல்லி வருவதை விட்டுவிட்டு, 'சிறுநீரகக் கழிவு கூடியிருக்கிறது' என்றும், 'ரத்தத்தில் நீர் மிகுந்து சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது' என்றும் சொன்னால் போதும். பாத்தியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதைப் பரம்பரையாக அறிந்த மக்களுக்கு இது புரியாமல் போகாது. புரிந்துவிட்டால், கஞ்சியில் உப்பை அள்ளிப் போடவும் மாட்டார்கள். இன்னொரு பாட்டில் கேட்டு நிற்கவும் மாட்டார்கள்.